மலைநாட்டுக் காலைக்கு வாசனைப் பான்கேக்



நுவரெலியாவிலும் ஹட்டனிலும் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காலைநேரத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சுபுஹு தொழுதுவிட்டு அடுப்படிக்கு வந்தால் போத்தலில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக நிற்கும். இரவு கரைத்து வைத்த அப்ப மா வைத்தபடியே கிடக்கும். கொழும்பில் ஒரே இரவில் பொங்கி வழிகிற மா, இந்தக் குளிரில் அசைந்துகூடக் கொடுக்காது. வெளியே மழையும் பனிமூட்டமும். ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் ஒருபக்கம், கடை திறக்கப் போகிறவர் ஒருபக்கம். கடைசியில் என்ன நடக்கும்? கோதுமை மாவைப் பிசைந்து இரண்டு ரொட்டி, ஒரு சம்பல், ஒரு கோப்பை பிளேன்டீ.

ரொட்டியைக் குறை சொல்ல வரவில்லை. இந்த மலைகளில் லயத்து வீட்டையும் கடைவீதி வீட்டையும் எத்தனையோ வருடங்களாகப் பசியாற்றிய உணவு அது. 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து வந்த மா நமது மலைநாட்டு அடுப்புகளுக்கு ஏறிவிட்டது. ஆனால் வெள்ளை மா மட்டுமே நாள் தவறாமல் காலை உணவானால், வயிறு நிறையும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய மற்றவை எங்கிருந்து வரும்? ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது அதே மாவை வேறு விதமாக அடுப்பில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் இம்மாதம் பான்கேக்கை எடுத்துக்கொண்டேன்.

நம் பிள்ளைகளுக்குப் பான்கேக் புதிதல்ல. தேங்காய்ப்பூவைக் கித்துள் பாணியில் கிளறி, மெல்லிய தோசைபோல் சுட்டதற்குள் வைத்துச் சுருட்டுவது நாம் அறிந்த பான்கேக். நான் சொல்லப்போவது அதைவிடத் தடிப்பானது, கைப்பிடியளவு வட்டமாகச் சுடுவது. மேலைநாடுகளில் இலை உதிரும் காலம் வந்துவிட்டால் பூசணியும் கறுவாவும் சேர்த்து இதைச் செய்வார்கள். அமெரிக்காவில் 1934இலேயே மெக்கோர்மிக் என்ற கம்பெனி இதற்கென்று வாசனைத்தூள் கலந்து டப்பியில் அடைத்து விற்றது. 2003இல் ஸ்டார்பக்ஸ் அதே வாசனையில் கோப்பி போட்டு உலகம் முழுவதும் பெயர் வாங்கிவிட்டது. அந்த டப்பிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் கறுவா, இஞ்சித்தூள், சாதிக்காய் போன்றவை! இஞ்சியை எடுத்துவிட்டு ஏலத்தைப் போடுங்கள், நமது வட்டலப்பத்தின் வாசனை வந்துவிடும். நம் தேயிலை மலையில் இலை உதிர்காலம் என்று ஒன்று இல்லை. வருடம் முழுவதும் பச்சைதான். ஆனாலும் அந்தக் காலத்துக்கென்று அவர்கள் வைத்திருக்கும் வாசனை முழுவதும் நமது அலுமாரியில் கிடக்கிறது.

கறுவா இந்த மண்ணுக்கே சொந்தமானது. அரபு வணிகர் மரக்கலங்களில் ஏற்றிச் சென்ற சரக்கு அது. 1505இல் வந்த போர்த்துக்கேயரும், அவர்களை 1658இல் முற்றாக விரட்டிய ஒல்லாந்தரும் அதன் மேல்தான் கண் வைத்திருந்தார்கள். சாதிக்காயும் கராம்பும் தொலைவிலுள்ள மலுக்குத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. இன்று கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் காய்க்கின்றன.

இந்தச் சரக்குகளை முழுதாக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்கென்று விற்ற ஆப்பிள் கூழ்ப் பக்கெட்டுகளில் ஈயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் பார்த்தபோது, அதில் சேர்த்த கறுவாத்தூள்தான் காரணமாக இருந்தது. தூளாகிவிட்ட பிறகு எது என்னவென்று கண்ணால் அறிய முடியாது. பட்டையாக இருந்தால் அறியலாம்: நமது கறுவா, மெல்லிய தாள்களைப் பல அடுக்காகச் சுருட்டியதுபோல் இருக்கும், விரலால் நொறுங்கும். சீனப்பட்டை எனப்படும் கசியா தடித்த ஒற்றைச் சுருள். ஒடிக்கவே பாடுபட வேண்டும். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நாள்தோறும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்கு நல்லதல்ல. நமது கறுவாவில் அது மிகச் சொற்பம்.

ஒரு சிறு போத்தலுக்கு அளவு இது: கறுவாத்தூள் நான்கு தேக்கரண்டி, சுக்குத்தூள் இரண்டு, துருவிய சாதிக்காய் ஒன்று, கராம்புத்தூள் அரை, ஏலத்தூள் ஒன்று. கராம்பைக் கூட்டிவிடாதீர்கள், பல்வலி மருந்துபோல் மணக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். வெனிலா எசன்ஸ் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சில எசன்ஸ்களில் மதுசாரம் இருக்கும், போத்தலின் லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏலம் இருக்கும்போது அது எதற்கு?

இனி பான்கேக். ஐந்து பேருள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு வரும். கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, குரக்கன் மா அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் மட்டமாக இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மேலே சொன்ன வாசனைத்தூள் இரண்டு தேக்கரண்டி. இவற்றை இரவே சலித்துக் கலந்து மூடி வைத்துவிடுங்கள். அவித்து மசித்த வட்டக்காய் முக்கால் கோப்பையும் இரவே தயாராகட்டும். வட்டக்காயை நிறையத் தண்ணீரில் போடாமல் ஆவியில் அவியுங்கள். தண்ணீர் கோர்த்தால் மா இளகிவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆகவே கீழ்நாட்டைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் அவிய வேண்டும்.

காலையில் இரண்டு முட்டை, ஒன்றேகால் கோப்பை பால், துருவிய கித்துள் கருப்பட்டி இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய நெய்யோ தேங்காய் எண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி. இங்கேதான் மலைநாட்டில் பலருக்கும் கைதவறும். பாலும் முட்டையும் குளிர்ந்திருக்க, உருக்கிய எண்ணெயை ஊற்றினால் அது உடனே திரும்பக் கட்டிகட்டியாக உறைந்துவிடும். பாலை இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். பால்மா கரைப்பவர்கள் வெந்நீரை ஆற்றிக் கரைத்தால் போதும். முட்டையை உடைக்குமுன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வையுங்கள். பாலில் கருப்பட்டியைக் கரைத்து, முட்டை, வட்டக்காய், எண்ணெய் சேர்த்து அடித்து, மாக்கலவையில் ஊற்றி ஒரு கரண்டியால் பத்துப் பதினைந்து தரம் கிண்டுங்கள். அவ்வளவுதான். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். ரொட்டிக்குப் பிசைந்த பழக்கத்தில் இதையும் தேய்த்துக் கலக்கினால் தோல்போல் இழுபடும்.

பத்து நிமிடம் ஊறட்டும். குரக்கன் மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். கரண்டியிலிருந்து தடித்த நாடாபோல் விழ வேண்டும். இறுகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி பால் தெளியுங்கள். பேக்கிங் பவுடர் ஏன் இரண்டே தேக்கரண்டி என்றால், உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, மா சீக்கிரம் உப்பி அதே வேகத்தில் அமுங்கிவிடும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்கள் இன்னும் அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம்.

ரொட்டிக்கல்லே போதும். மிதமான நெருப்பு. எண்ணெய் தொட்ட துணியால் கல்லைத் துடைத்து, கால் கோப்பை மா ஊற்றி, மேலே குமிழ்கள் வெடித்து ஓரம் காயத் தொடங்கியதும் ஒரே ஒருதரம் திருப்புங்கள். தட்டகப்பையால் அழுத்த வேண்டாம். விறகடுப்பில் சுடுகிறவர்கள் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் சுடுவது நல்லது, கருப்பட்டி இருப்பதால் சீக்கிரம் கருகும். முதலாவது எப்போதும் கோணலாகத்தான் வரும், அதை அடுப்படியில் சுற்றும் சின்னவரிடம் கொடுத்துவிடுங்கள்! மற்றவற்றைச் சூடான பாத்திரத்தில் துணிபோட்டு மூடி வைத்தால் எல்லோரும் ஒன்றாக உட்காரும்வரை ஆறாது. மேலே சிறிது கித்துள் பாணி. குளிரில் இறுகியிருந்தால் போத்தலை வெந்நீரில் நிறுத்துங்கள்.

குரக்கனில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். வட்டக்காயின் மஞ்சள் நிறம் உடலில் விற்றமின் ஏயாக மாறும், கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். முட்டை விலை ஏறியிருக்கும் வாரத்தில் ஒன்றோடு நிறுத்தி, கால் கோப்பை பால் கூட்டிக்கொள்ளுங்கள், பழுதில்லை. 2022இல் மாவும் முட்டையும் கேஸும் பட்ட பாட்டை யார் மறப்பார்?

பக்கத்தில் வைக்கும் கோப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் இருந்துகொண்டு தேயிலையைப் பற்றிக் குறை சொன்னால் கோபிப்பீர்கள். ஆனாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், தானியத்திலும் காய்கறியிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இது 1975இலிருந்தே ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 2017இல் இங்கிலாந்தில் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தபோது அந்தத் தடை குறைந்ததைக் கண்டார்கள். மாதவிலக்காகும் பெண் பிள்ளைகளும், வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர்களும், கொழுந்துக் கூடையோடு மலை ஏறும் பெண்களும் இரத்தக் குறைவுக்கு எளிதில் ஆளாகிறவர்கள். அவர்களுக்குக் காலையில் முதலில் சாப்பாடு, தேநீர் பிறகு என்று பழக்கிவிடுங்கள். பத்து மணிக்கு இளைப்பாறும்போது குடித்தால் ருசியும் கூடத்தான். பான்கேக்கோடு ஒரு தோடம்பழச் சுளையோ கொய்யாத் துண்டோ கொடுத்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும்.

மிஞ்சிய மாவை அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள், பேக்கிங் பவுடரின் வேகம் இறங்கிவிடும். எல்லாவற்றையும் சுட்டே வைத்துவிட்டு, ஆறியதும் இரண்டாக மடித்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் போடுங்கள். நோன்பு நாட்களில் சஹருக்கு எழுந்து மா பிசைய நேரமில்லாதவர்களுக்கும் இரவே சுட்டு வைத்தது கைகொடுக்கும். மூடிய கல்லில் இரண்டு நிமிடம் சூடுகாட்டினால் போதும்.