பாறைக்கும் பொழுதுண்டு

கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று பாறை ஏறப்போவதாகவும், எங்கே போகலாம் என்று சொல்லுமாறும் நம்மிடம் படித்துச் சென்ற இளைஞர்கள் சிலர் அண்மையில் கேட்டனர். நாம் பாறை ஏறுபவர்கள் அல்லோம். ஏறுவோர் எழுதியவற்றை விடாமல் படிப்பவர்கள், அவ்வளவே. ஆயினும் அவர்கள் காட்டிய பட்டியலைக் கண்டபின் வாளாவிருக்க இயலவில்லை. அதில் இருந்தவை யாவும் புகழ்பெற்ற பெயர்கள். எந்தப் பெயருக்கு அருகிலும் மாதம் குறிக்கப்படவில்லை.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். வேனில் பாலைக்கு உரியது. இது அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணம், பாறையேறிகளுக்கு அன்று என்பதை அறிவோம். எனினும் அவர்களும் தம் விரல்களின் வழியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர். வெயிலில் காய்ந்த கல்லில் விரல் வியர்க்கும். காலணியின் ரப்பர் இளகிப் பிடிப்பை இழக்கும். குளிர்ந்து உலர்ந்த கல்லே அவர்கள் வேண்டுவது.

பட்டியலின் தலையில் இருந்தது கிரேக்க நாட்டின் கலிம்னோஸ் தீவு. கடற்பஞ்சு எடுக்க மூழ்குவோரின் ஊராக அறியப்பட்ட அத்தீவுக்கு 1996இல் விடுமுறைக்கு வந்த ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியர், அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுவர்களைக் கண்டு வியந்து, பின்னர் திரும்பி வந்து முதல் வழிகளை அமைத்தார். கடற்பஞ்சுத் தொழில் தளர்ந்துபோன தீவுக்கு இன்று ஏறுவோரின் வருகை ஒரு பிழைப்பு. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே நிழலைத் தேடித்தான் ஏறவேண்டும். அங்கு ஏறுதற்குரிய காலம் இளவேனிலும் இலையுதிர் காலமுமே. நம் ஊர்க் கோடையோ ஏப்ரல், மே. அது அவர்களுடைய இளவேனில். ஆகவே கல்லூரி விடுமுறையில் செல்பவருக்குக் கலிம்னோஸ் பொருந்தும். ஜூலையில் விடுப்பு வாங்கும் மென்பொருள்காரருக்குப் பொருந்தாது. (விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பது தனிக் கட்டுரைக்குரிய துயரம்.)

அடுத்த பெயர் அமெரிக்காவின் யோசெமிட்டி. அலெக்ஸ் ஹொனால்டு கயிறின்றி எல் கேப்பிடன் ஏறிய திரைப்படத்தின் விளைவு இது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள அக்கருங்கல் சுவரை 2017 ஜூன் 3 அன்று அவர் நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். தொடங்கியது விடியற்காலையில் என்பதைப் படம் பார்த்தோர் மறந்துவிடுகின்றனர். நடுக்கோடையில் பள்ளத்தாக்கு கொதிக்கும். விவரம் அறிந்தவர்கள் அப்போது சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள துவாலமி புல்வெளிப் பகுதிக்குப் போய்விடுவார்கள்.

பொழுது என்பது வெப்பம் மட்டும் அன்று. வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் லக்கோட்டா முதலிய பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. ஜூன் அவர்களுடைய சடங்குகளின் மாதமாதலால், அம்மாதத்தில் ஏறாதிருக்குமாறு 1995 முதல் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. இது வேண்டுகோள்தான், மீறினால் தண்டனை இல்லை. தண்டனை இல்லை என்பதனாலேயே ஜூனில் அங்குப் போகக்கூடாது என்பது நம் கட்சி. ஆஸ்திரேலியாவின் உலுரு 2019 அக்டோபரில் ஏறுவோருக்கு மூடப்படவிருந்தபோது, கடைசி மாதங்களில் மக்கள் வரிசை கட்டி ஏறினர். அனங்கு மக்கள் ஏறவேண்டாம் என்று அதற்கு நெடுங்காலம் முன்பே கேட்டிருந்தனர்.

பட்டியலில் இல்லாத ஓரிடத்தை நாம் பரிந்துரைத்தோம்: ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகே எல்பே ஆற்றங்கரை மணற்கல் குன்றுகள். 1864இல் ஷாண்டாவ் ஊர் உடற்பயிற்சிக் கழகத்தார் பால்கன்ஸ்டைன் பாறையில் ஏறியதை அங்குப் பாறையேற்றத்தின் தொடக்கமாகக் கொள்வர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்து நிற்கும் கற்கோபுரங்கள். அவற்றில் மட்டுமே ஏறலாம். கல்லை அரிக்கும் உலோக ஆப்புகள் கூடா. முடிச்சிட்ட கயிறுகளையே வெடிப்புகளில் செருகிப் பாதுகாப்புத் தேடவேண்டும். கை வியர்வைக்கான வெள்ளைத் தூளும் கூடாது. பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் சில கோபுரங்கள் மூடப்படும். காடு சூழ்ந்திருப்பதால் கோடையிலும் நிழலுண்டு.

"இத்தனை விதிகளா!" என்று இளைஞர்கள் முகம் சுளித்தனர். யாப்பு படித்தவர்களே இப்படிக் கேட்பது வியப்பாக இருந்தது. அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அங்கே பாறையில் பதித்த இரும்பு வளையங்கள் மிகத் தொலைவு தொலைவாக இருக்கும். தவறினால் நெடுந்தூரம் விழ நேரும். புதியவர்கள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் முன்னேறிச் செல்லக்கூடாது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

இன்னொன்று: மழை நனைத்த மணற்கல் வலுவிழக்கும், பிடி உடையும், ஆகவே கல் உலரும்வரை அங்கு எவரும் ஏறுவதில்லை. கோடை இடிமழை அங்கே புதிதன்று. அந்நாட்களில் பார்ப்பதற்கு டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் ரஃபேலின் சிஸ்டைன் மடோனா இருக்கிறது. பயணத் திட்டத்தில் அதற்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.