ஓரிரு இடங்களில்

மாசி பிறந்தால் சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறி வரும். வறண்ட வானிலை, அதிகாலையில் லேசான பனிமூட்டம் என்பது ஒன்று. கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாட்டால் தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை என்பது மற்றொன்று. முதலாவதை ராஜபாளையத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது வந்துவிட்டால் முடங்கியாற்றுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த 'ஓரிரு இடங்களில்' ஒன்று இந்த மலையடிவாரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆடியில் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மழையை மலை நமக்கு மறைத்துவிடுகிறது. மாசியில் கதை வேறு. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று சமவெளி முழுக்கச் சும்மா கடந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் முட்டி மேலே ஏறும்போதுதான் மழையாகிறது. விருதுநகரில் வெறும் மேகமூட்டமாக இருப்பது மலையடிவாரத்து அய்யனார் கோயில் பக்கம் தூறலாக விழுவது இப்படித்தான்.

தூறல் விழுந்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. போகாமல் நிற்கும் மேகம்தான் தொல்லை. பஞ்சவர்ணமும் சப்பட்டையும் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும் நேரம் இது. மாம்பூவில் பிஞ்சாகி, பழமாகி மரத்தில் நிற்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நல்ல வருஷத்துக் கணக்கே அதுதான். மழையில் ஈக்கள் வராது, மகரந்தம் சேராது. பகலில் வெப்பமும் இரவில் ஈரமுமாக நாலு நாள் மூட்டம் போட்டால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படியும். தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு விடும் பிசுபிசுப்பில் இலையெல்லாம் கரும்பூசணம் ஏறும். நனையும் கந்தகம் அடித்திருந்தால், அடுத்த தூறல் அதையும் கழுவிக்கொண்டு போகும். பூவைப் பார்த்துக் குத்தகை பேசியவர் காயைப் பார்க்கும்போது, "என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிப்போச்சு?" என்பார். விலையைக் குறைப்பதற்கான முதல் வார்த்தை அது.

அதே தூறல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாசிப்பட்டத்துப் பருத்தி போடுகிறவருக்கு ஒரு தண்ணீர் மிச்சம். அங்கே பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மாசி மழையைப் பற்றி அங்கே கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

காட்டுக்கும் நல்லதுதான். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமான இந்த மலையில், மாசி பங்குனியில் காய்ந்த புல்தான் வனத்துறையின் கவலை. குரங்கணிக் காட்டில் தீ பிடித்தது 2018 மார்ச் 11, அதுவும் மாசிதான். ஒரு மழை பெய்தால் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்கள் சற்று மூச்சு விடுவார்கள். என்ன, ஓடையில் தண்ணீர் ஏறினால் சதுரகிரி மலைக்கோயிலுக்குச் சிவராத்திரிக் கூட்டத்தை ஏறவிட மாட்டார்கள். சிவராத்திரியோடு பனி 'சிவசிவா' என்று ஓடிவிடும் என்பார்கள். பனி போவது சரி, அந்த இடத்தில் புழுக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே மழை எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வி மாசியில் பாதிக் கேள்வி. மறுநாள் வெயில் அடிக்குமா என்பதுதான் மீதி. தொலைக்காட்சி அறிக்கை அதைச் சொல்வதில்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாக வரும் வேளாண் வானிலை அறிக்கையில் இருக்கிறது: ஐந்து நாளைக்கு மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று; கூடவே வானத்தை எட்டுப் பங்காக்கி அதில் எத்தனை பங்கு மேகம் என்ற எண். 2019-இல் வந்த மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். மழை அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அந்த மேக எண் ஆறு, ஏழு என்று தொடர்ந்து நின்றால் தோப்புக்காரர் பூங்கொத்தைத் தினமும் உதறிப் பார்க்கட்டும். இரண்டுக்கு இறங்கினால் மருந்து அடிக்க அதுதான் நாள். குத்தகைக்காரரிடம் விலை பேசவும்.