சிலிக்கோன் அடிச்சு மூடுவமா?

மாமாவின்ர காருக்குள்ள மழை பெய்த கதை கம்பஸில எல்லாருக்கும் பகிடி. எனக்குப் பகிடி இல்லை. கார்த்திகை மழையில, சன்ரூஃப் இறுக்கி மூடியிருக்கவே உள்கூரைத் துணி ஊறி அம்மம்மாவின்ர மடியில சொட்டுச் சொட்டாக விழுந்தது.

கராஜில ஒரே பேச்சுத்தான்: "சுத்திவரச் சிலிக்கோன் அடிச்சு மூடுவம். இந்த வெயிலுக்கு இதைத் திறந்து என்ன செய்யப்போறியள்?" மாமாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு அங்கதான் கோவம் வந்தது.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்ப வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. கிட்டத்தட்ட 5 வருசம் பழைய கார்களை உருட்டியே சமாளித்தோம். அதில பெருமைப்பட நிறைய இருக்கு. ஆனால் சமாளிக்கிறதுக்கும் திருத்துறதுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு மறந்துபோச்சு எண்டு நினைக்கிறன்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் முழு மழையையும் மறிக்கச் செய்யப்பட்டதே இல்லை. கொஞ்சத் தண்ணி உள்ள வரும் எண்டு தெரிஞ்சுதான் அதுக்குக் கீழ பீலி வச்சிருக்கு, எங்கட ஓட்டு வீடுகளுக்கு இருக்கிற மாதிரி. பீலியின் மூலைகளில இருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள்ளால இறங்கித் தண்ணியை வெளிய விடும். குழாய் அடைச்சால் பீலி நிரம்பி உள்ளதான் வழியும். மேல சிலிக்கோன் அடிச்சாலும் குழாய் அடைச்சபடிதான் கிடக்கும். வெயிலுக்குப் பூச்சு எங்கயாவது விலகினால் பழைய கதைதான். மாமா காரை விடுறது வேப்பமரத்துக்குக் கீழ. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

ஒரு சனிக்கிழமை நானும் தம்பியும் சுவிட்சை அமத்த, சன்ரூஃப் முனகி முனகித் திறந்தது. வேப்பஞ்சருகும் செம்மண்ணும் சேர்ந்து களியாக இருந்தது. புல்லு வெட்டுற மெஷினின்ர நைலோன் நூலைக் குழாய்க்குள்ள மெதுவா விட்டுக் குடைஞ்சம். கம்பி விட்டால் குழாய் கிழியலாம். காற்றை வேகமா அடிச்சால் உள்ளுக்க கழன்றுவிடும், பிறகு உள்கூரையையே இறக்கவேணும். ஒரு கோப்பைத் தண்ணியை மூலையில ஊத்தினால் காருக்குக் கீழால வடியவேணும். மூன்று மூலை வடிஞ்சது. நாலாவதோட பின்னேரம் வரை போராட்டம்.

பிறகு மூடப்போனால் பாதியில இறுகிப்போச்சு! வானம் வேற கறுத்துக்கொண்டு வந்தது. மாமா ஒண்டும் சொல்லாமல் சிலிக்கோன் ரியூப்பைக் கையில வச்சபடி நின்றார். காரோட வந்த புத்தகத்தைப் பார்த்து, உள்விளக்கு மூடியைக் கழட்டி, மோட்டரில அலன்கீயைப் போட்டுக் கையால சுத்தி மூடினம். தண்டவாளத்தில பழைய கிறீஸ் புழுதியோட கட்டியாகி இருந்திருக்கு. அடுத்த நாள் அதைத் துடைச்சுப் புதுசு பூச, சுவிட்சுக்கே ஓடிச்சு.

எல்லாத்தையும் வீட்டில செய்யலாம் எண்டு சொல்லவரேல்லை. கண்ணாடி வெடிச்சிருந்தால், கேபிள் அறுந்திருந்தால் வேலை தெரிஞ்ச ஆளிட்டக் கொடுங்கோ. பல கார்களில கூரை ஓரத்தில எயார்பாக் மடிச்சு வச்சிருக்கு, அங்க ஸ்குரூட்றைவர் விளையாட்டு வேண்டாம். ஆனால் அடைச்ச குழாயைத் திறந்து பார்க்கக் கலைப்பீடத்துப் பெட்டைக்கு என்ன தடை? "உனக்கேன் பிள்ளை உந்த வேலை" எண்டு அயலில கேட்டவைக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை.

சிலிக்கோன் ரியூப் டிக்கிக்குள்ள கிடக்கு, மூடி திறக்காமலே. கார் மட்டும் இன்னும் வேப்பமரத்துக்குக் கீழதான்.