எண் குதிரையின் உடம்பில்தான் இருக்க வேண்டும்

அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் 1955இல் தொடங்கியது டெவிஸ் கோப்பைப் போட்டி. தூரம் 100 மைல், கெடு 24 மணி நேரம். விடியும் முன் கிளம்பும் குதிரைகளில் பல, நள்ளிரவு தாண்டித்தான் ஆபர்ன் நகரத்தை எட்டுகின்றன. இத்தகைய நெடுந்தூரப் போட்டிகளில், கால்நடைகளுக்கான மெழுகுக் குச்சியால் குதிரையின் பின்புறத்தில் பெரிதாக ஓர் எண் எழுதுவது வழக்கம்.

மைக்ரோசிப் வந்த பிறகும் இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வீரரின் சட்டையிலேயே எண் இருக்கிறதே என்பது அவர்களின் வாதம்.

வழியில் உள்ள மருத்துவச் சோதனை நிலையத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். குதிரை வந்ததும் உதவியாளர்கள் சேணத்தை இறக்கி, கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வீரர் சாப்பிடப் போய்விடுகிறார். கயிறு வேறொருவர் கைக்கு மாறுகிறது. தன்னார்வலர் ஒருவர் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பை எண்ணுகிறார். பல போட்டிகளில் அது நிமிடத்துக்கு 64க்குள் இறங்கியாக வேண்டும். பிறகு குடலின் ஒலி, ஈறின் நிறம், ஓடவிட்டுக் கால்களின் நடை. இந்தப் போட்டிகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அரபுக் குதிரைகள். வெண்சாம்பலும் செம்பழுப்பும் வரிசையில் நிற்கும்போது, நனைந்த உடம்போடு ஒரே நிறக் குதிரைகளுக்குள் வித்தியாசம் தெரியாது. ஒரு குதிரையின் துடிப்பு இன்னொன்றின் சோதனை அட்டையில் ஏறிவிட்டால், நொண்டும் குதிரை மறுபடி மலையேற நேரிடும்.

மைக்ரோசிப்பின் பயன் வேறு. கழுத்தின் இடப்பக்கம் ஊசி மூலம் செலுத்தப்படும் அதில் 15 இலக்க எண் இருக்கிறது, பேட்டரி கிடையாது. கருவியை உடம்பருகே கொண்டுபோனால்தான் எண் தெரியும். வீரரைத் தள்ளிவிட்டுக் காட்டுக்குள் ஓடும் குதிரையை அது தூரத்திலிருந்து காட்டிக்கொடுக்காது. மெழுகு எண்ணை அழித்து மாற்றி எழுதிவிடலாம். சிப்பை அப்படி மாற்ற முடியாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, 2013 முதல் புதிதாகப் பதிவாகும் குதிரைகளுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. குதிரையின் கடவுச்சீட்டில் வெள்ளைக் குறிகளும் சுழிகளும் வரைபடமாகப் பதிவாகின்றன. விதிமீறல் வெறும் கற்பனை அல்ல: குதிரை நலக் குறைபாடுகளுக்காகவும் விதிமீறல்களுக்காகவும் ஐக்கிய அரபு அமீரகக் குதிரையேற்றக் கூட்டமைப்பை 2015 மார்ச்சில் சர்வதேசக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்து, ஜூலையில்தான் தடையை நீக்கியது. போட்டி முடித்த குதிரைக்கும் காயத்தால் விலக்கப்பட்ட குதிரைக்கும் கட்டாய ஓய்வு நாட்கள் உண்டு. ஓய்வில் இருக்க வேண்டிய குதிரை வேறொரு பெயரில் களமிறங்க முடியுமானால், அந்த விதி வெறும் காகிதம்தான்.

போட்டி நடத்துவோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. தொடக்கச் சோதனையிலும் முடிவிலும் சிப்பைப் படித்துக் கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி இரு பக்கமும் எண் எழுத வேண்டும். வெளிர்நிறக் குதிரைக்கு அடர்நிறக் குச்சி, கருங்குதிரைக்கு வெளிர்நிறக் குச்சி. வியர்வையிலும் ஆற்றிலும் எண் மங்கும் என்பதால், ஒவ்வொரு நிலையத்திலும் அதைப் புதுப்பிக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும். எண் தெளிவாகத் தெரியாத குதிரையை எந்த நிலையத்திலிருந்தும் வெளியே விடக்கூடாது.