எர்ரகட்டா ஜோக் போதும் சாமி!

ஹைதராபாத் வந்த நம்மாட்கள் தெலுங்கு கத்துக்கறாங்களோ இல்லையோ, "எர்ரகட்டாவுல சேத்துடுவேன்"ங்கிற கிண்டலை உடனே கத்துக்கறாங்க. நம்ம கீழ்ப்பாக்கம் ஜோக்கோட தெலுங்கு டப்பிங்! அங்க இருக்கறது அரசு மனநல மருத்துவமனைங்க.

பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்னா, விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயம், நிலைக்காத மனசு, தன்னையே காயப்படுத்திக்கறது... நம்ம வீடுகள்ல இதுக்குப் பேரு திமிர். மருந்து? கல்யாணம்!

இதுக்கு டிபிடி சிகிச்சையை உருவாக்கின மார்ஷா லைனஹன், 1961-ல 17 வயசுல மனநல மருத்துவமனையில இருந்தவங்க. மீண்டு வந்து, 2011-ல அவங்களே வெளிய சொன்னாங்க.

2017 சட்டப்படி மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. 14416-ல இலவசமா, தமிழ்லயே பேசலாம். ஜாதகத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி போனைத் தூக்குங்க!