வெயிலுக்குப் பயமா, கறுப்புக்குப் பயமா?

"வெயில்ல நிக்காதடி, கறுத்துப்போயிடுவே!" நம் அரியாங்குப்பத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் குரல் காதில் விழும். சொல்வது அம்மாவாகவோ ஆயாவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். கேட்டுக்கொள்வது எப்போதும் பெண் பிள்ளைதான். அதே வீட்டுப் பையன் சித்திரை மாத உச்சிப்பொழுதில் தலையில் ஒரு தொப்பிகூட இல்லாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான், ஒருவரும் தடுக்க மாட்டோம். அவன் தோல் தோல் இல்லையா? இல்லை, அவன் கறுத்தால் கல்யாணம் நின்றுவிடாது என்ற தைரியமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதே கொம்யூனில் பிள்ளை வளர்ப்பவள்தான். வெயிலைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் நிறத்தைப் பற்றிய பேச்சு. தோலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எந்தக் கறுப்பைப் பார்த்து இத்தனை பயப்படுகிறோமோ, அதுதான் நம் பிள்ளைகளின் கவசம். தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிரை வாங்கித் தடுத்துவிடுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கருந்தோலுக்கு இயல்பாகவே சுமார் 13 எஸ்.பி.எஃப். தடுப்பு உண்டு, வெள்ளையருக்கு 3தான் என்று 1979இல் அளந்து சொன்னார்கள். நாம் இரண்டுக்கும் இடையில். ஆஸ்திரேலியாவில் ஊரையே உலுக்கும் தோல் புற்றுநோய் நம்மிடம் அரிதாக இருப்பதற்கு இந்த நிறம்தான் முக்கியக் காரணம். அதைத்தான் தேய்த்து எடுத்துவிடப் பார்க்கிறோம்.

எதை வைத்துத் தேய்க்கிறோம்? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல், "முகம் வெளுக்க ஒரு கிரீம் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் டியூபை வைத்து. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பொடி எழுத்தில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் நோய்க்கு மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லித் தர வேண்டியது. இப்படிப்பட்ட 14 பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைக்காரர் தருகிறார் என்று அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கேட்டு வாங்குவது நாம்தானே.

முதல் பத்து நாள் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும், கன்னத்தில் சிவப்பு நரம்பு கோடுகோடாகத் தெரியும், பரு கிளம்பும், பெண் பிள்ளைக்கு மேலுதட்டில் முடி அரும்பும். வெயிலில் கால் வைத்தால் முகம் எரியும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இன்னொன்று, சில சிவப்பழகு கிரீம்களில் கலந்திருக்கும் பாதரசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அதிலொரு அரிய வகை 15 பேருக்கு இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். 1975இல் சந்தைக்கு வந்த பிரபலமான கிரீமே 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை உதறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை.

அதற்காக வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. நம் ஊர் ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருவது ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மறுமுறை. கத்திரிக்கு நடுங்கும் நாம் ஆகஸ்டை மறந்துவிடுகிறோம். வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் ஓடுவது ஆடிக் கடைசியில், அந்தச் சமயத்தில்தான். கடற்காற்று அடிப்பதால் சூடு உறைக்காது, ஆனால் புற ஊதாக் கதிருக்குக் காற்றென்ன, மெல்லிய மேகமென்ன? தேர் பார்க்கப் போகும் பிள்ளைக்கு ஒரு தொப்பி வாங்கித் தர மனம் வராது, பலூன் வாங்கித் தருவோம்.

கண்ணையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகும் பெரியவர்களின் கண்ணைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? மூக்கோரத்திலிருந்து சிவந்த சதை ஒன்று முக்கோணமாக வளர்ந்து கருவிழியைத் தொட வரும். அதற்கு முக்கியக் காரணம் பல வருட வெயில்தான். அந்த வெயில் கணக்கு சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்மைப் பிள்ளைகளுக்குத்தான் வெயில் உண்மையான எமன். அவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே வரலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் நம் வழக்கத்தில் இப்படிப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன், ஜிப்மர் தோல் பிரிவில் முறையான பரிசோதனை எல்லாம் கட்டாயம். ஊர்க்கண் படும் என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு வரும் மெலனோமா புற்று பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லி 1981இல் தம் 36ஆவது வயதில் இறந்தது கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கிய இந்த நோயால்தான். அதைக் கால்பந்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். இது பிள்ளைகளுக்கு வருவது மிக அரிது. வெறுங்காலோடு வயலில் நிற்கும் தாத்தாவின் பாதத்தைத்தான் பாருங்கள். ஆறாத புண், பரவும் கரும்புள்ளி, பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று கிளம்பும் புண் எதுவானாலும் மஞ்சள் பூசி நாள் கடத்தாதீர்கள்.

பள்ளி விளையாட்டு நேரத்தைக் காலையிலோ நாலு மணிக்கு மேலோ வைக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். அங்கே மதிப்பெண்ணைத் தவிர நாம் வேறெதையும் கேட்பதில்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம் போடுங்கள்: நிழல், தொப்பி, குடை. மாலையில் பெண்ணையும் விளையாட அனுப்புங்கள். அந்த ஸ்டீராய்டு டியூபை ரொம்ப நாளாகப் பூசி வந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், முகம் கொதித்துச் சிவந்துவிடும். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துப் போங்கள்.