பதிவு மட்டும் போதுமா?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. இத்தகைய பெண்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள அதன் 10ஆவது பிரிவு வழி செய்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அவை அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம், காப்பகத்தில் சேர்க்கலாம். நல்லெண்ணத்துடன் செய்த காரியத்துக்காக அவற்றின் மீது வழக்குத் தொடர முடியாது. பார்லிமெண்ட் அளித்த இந்த அங்கீகாரம் வரவேற்கத்தக்கதே.

ஆனால், வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. வெறும் பாராட்டைக் கொண்டு காப்பகம் நடத்த முடியுமா?

இதற்கு மும்பையிலேயே முன்மாதிரி உண்டு. 1984இல் டாடா சமூக அறிவியல் கழகம் இங்குள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பின்னர் மகாராஷ்டிர அரசே அதைத் தன் திட்டமாக ஏற்று மற்ற ஊர்களுக்கும் விரிவுபடுத்தியது. பொறுப்பை ஏற்பதே உண்மையான அங்கீகாரம்.

பிழைக்க வந்த இடத்தில் தாய்வீடு தொலைவில் இருக்கிறது. மராத்தி அறியாத தமிழ்ப் பெண் போலீஸ் நிலையத்தில் என்னவென்று முறையிடுவாள்? பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் மானியமும், தமிழர் மிகுந்த பகுதிகளில் தமிழ் பேசும் ஊழியரும் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். உதவி பெறுமிடங்களின் முகவரியையும் 181 என்ற தொலைபேசி எண்ணையும் தமிழ்ச் சங்கங்கள் தமிழில் எழுதி வைக்கட்டும். அடுத்த வீட்டு அலறலைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்குவது இனியும் தகாது.